கமலாம்பாள் பெருக்கிய பக்கம்

1

“அம்மா, புஸ்தகம் அதேதானே? கதை மட்டும் ஏன் தெனமும் மாறுது?”

ஐந்து வயதில் ஆஷிகா கேட்டது இது. அவள் தாய் ஹலீமாவுக்கு அப்போது படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து, அன்றன்றைக்கு வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. அய்யம்பேட்டையில் முதியோர் எழுத்தறிவு வகுப்பு நடத்தும் என் தோழி குந்தவை இந்தக் கேள்வியை மட்டும் என்னிடம் சொன்னாள். மற்றதை நான்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். பல முறை தொடங்கிச் சலித்துவிட்டது. ஒரு தொடக்கம் இப்படி:

காவிரிக்கரையில் பொழுது சாயும் வேளையில், அறிவொளி சுடர்விடும் அந்த அறையில்—

வேண்டாம். அந்த அறையில் இருப்பது ஒரு டியூப்லைட். அதுவும் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

2

களை பறித்துவிட்டுக் கைகால் கழுவி அந்த வகுப்புக்கு வரும் பெண்கள்; ஹலீமாவும் அவர்களில் ஒருவர். சேர்ந்து எழுதுவதற்காக இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, எல்லோருடைய செல்போனிலும் போட்டுக்கொடுத்திருந்தாள் குந்தவை. ஒருவர் எழுதினால் மற்றவர்களுக்கு உடனே தெரியும். யார் எந்த இடத்தில் விரல் வைத்தாலும் அங்கே அவர் பெயர் எல்லோர் போனிலும் சின்ன வண்ணக் கொடியாக நிற்கும். ஆளுக்கு நாலு வரி. சேர்ந்தால் வகுப்பின் கதை.

“டீச்சர், ஈஸ்வரி கொடி என் வரி மேலயே நிக்குது. போகச் சொல்லுங்க” என்றார் கமலாம்பாள்.

“ஏன்க்கா, ஒங்க வயல்ல நான் மாட்டையா வுட்டேன்? படிச்சுப் பாக்கிறேன், அவ்ளோதான்.”

ஹலீமா எதிலும் கலந்துகொள்ளாமல் எழுதிக்கொண்டிருந்தார். மகள் இப்போது சார்ஜாவில் இருக்கிறாள். பழைய கேள்விக்குப் பதிலாக, தடவித் தடவி அவர் எழுதியது:

ஆஷிகா, எனக்கு அப்போது படிக்கத் தெரியாது.
படத்தைப் பார்த்துச் சொன்னேன்.
அதைப் பொய் என்று நினைக்காதே.
இந்த நாலு வரி மாறாது.

அன்றே குந்தவையை விட்டுப் பக்கத்தின் இணைப்பை மகளுக்கு அனுப்பவைத்து, அவளை அழைத்தார். “காலையில அந்தப் பக்கத்தத் தொறந்து பாரும்மா” என்றார்.

3

காலையில் மகள் திறந்தாள்.

“அம்மா, ‘இன்று எங்கள் வயலில் நடவு’ன்னு ஒரு வரி இருக்கு. நீங்க எழுதினதா? வேற ஒண்ணுமே இல்லையே!”

ஹலீமா போனை வைத்துவிட்டார்.

மாலை வகுப்பில் கமலாம்பாள் விளக்கினார்: “நேத்துக் கோலத்து மேலயா இன்னிக்குக் கோலம் போடுவாங்க? பழசு கெடந்துச்சு. பெருக்கித் தொடச்சுட்டுத்தான் டீச்சர் எழுதினேன்.”

“நல்லவேள, சாணி தெளிக்காம வுட்டீங்க. போன் தப்பிச்சுது” என்றாள் ஈஸ்வரி. எல்லோரும் சிரித்தார்கள். ஹலீமா வந்திருக்கவில்லை.

[விவரம் தெரிந்த வாசகர் கேட்பார்: அழிந்ததை மீட்கலாமே? மீட்டாயிற்று. குந்தவை அங்கேயே ஒரு பொத்தானை அழுத்தினாள், ஹலீமாவின் நாலு வரியும் மற்றவர்கள் வரிகளும் திரும்பிவிட்டன. ஹலீமாதான் திரும்பவில்லை. குந்தவை அவர் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொன்னாள். “சரிம்மா. படிச்சுப் பாத்திருந்தா தொடச்சிருப்பாங்களா?” என்று கேட்டுவிட்டு டீ கொடுத்து அனுப்பினார். அந்தப் பக்கத்தை மறுபடி பார்க்கும்படி மகளிடமும் சொல்லவில்லை.]

4

கமலாம்பாள் வெற்றிலை பாக்கு, பழத்தோடு ஹலீமாவின் வீட்டுப் படியேறி, இருவரும் கட்டிக்கொண்டு—

அடித்துவிட்டேன். கண்ணீர் எனக்குச் சுலபமாக எழுத வருகிறது. அதனாலேயே அதை நம்புவதில்லை.

ஆஷிகா அடுத்த விமானத்தைப் பிடித்து—

டிக்கெட் விலையை இந்தக் கதை தாங்காது.

கமலாம்பாள் மேலேயே ஒரு சந்தேகம் வந்தது. படித்துவிட்டும் அழித்திருப்பாரோ? அவரையே கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

“படிக்கலீங்க. என் வரிய எழுதவே மூச்சு முட்டுது. அடுத்தவங்க எழுதினதப் படிக்க எனக்கு ஆகுமா?”

களைப்பாக இருந்தது. எழுந்துபோய் சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்தேன். ஆண்டவன் சின்ன உபகாரங்களில் குடியிருக்கிறான் என்று நம்பித்தான் இத்தனை வருடம் எழுதுகிறேன். அந்த நம்பிக்கையில் இன்னும் ஒரு முறை.

5

விடியற்காலை. ஹலீமா தொழுது முடித்து அடுப்பில் பால் வைத்திருக்கிறார். ஜன்னலோரம் போன் சார்ஜில் கிடக்கிறது. இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் அவர் ஒன்றைப் பார்ப்பார். திறக்கிறாரா என்பதை நான் எழுதப்போவதில்லை. வாசகரே, அது உங்களிடம். மகளுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அந்தப் போனில்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்தது கமலாம்பாளின் வாசல் மட்டும். வாளியில் தண்ணீர் தயாராக இருக்கிறது. நேற்றைய கோலம் இன்னும் கிடக்கிறது. அவர் படியில் உட்கார்ந்து போனைத் திறந்து, ஹலீமாவின் முதல் வரியில் விரலை வைக்கிறார்.

“ஆ… ஷி…”

முதல் சொல்லிலேயே சிக்குகிறது. தாண்டிப் போகாமல் அங்கேயே நிற்கிறார். பிறகு “கா” என்கிறார். விரல் நகர நகர, அவர் பெயரைச் சுமந்த சின்னக் கொடி சொல் சொல்லாக நகர்கிறது. வீட்டுக்காரர் வயலுக்குப் போயாயிற்று. தெருவில் யாரும் இல்லை.

“இந்த… நாலு… வரி… மா… றாது.”

போனை மடியில் கட்டிக்கொண்டு எழுந்து, வாளியை எடுத்து வாசல் தெளிக்கிறார்.