விட்டுப்போன நான்கு நாட்கள்

தையல்காரம்மாவுக்கு மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து, முப்பது நாள் கதிர்வீச்சு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தூரம்; அவர் ஊருக்குப் பேருந்து கிடையாது. நோயாளிகளை இலவசமாகக் காரில் அழைத்துப் போவதாகச் சேவைச் சங்கத்தில் பெயர் கொடுத்தவர்கள் நான்கு பேர். மூன்று பேர் நைசாகக் கழன்றுகொண்டார்கள். இளிச்சவாயன் நான் மாட்டிக்கொண்டேன். வயது அறுபத்தைந்து. முடியாது என்று யாரிடமும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதைப் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

இருபத்திரண்டாம் நாள் திரும்பும்போது அவர் சொன்னார். "டாக்டர் போதும்னுட்டாரு அண்ணா. நாளையிலேருந்து வர வேணாம்."

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது அவர் குணமானதற்கான சந்தோஷம் இல்லை. வீட்டுக்குப் போய் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினேன்.

நாலாம் நாள் வேறொரு நோயாளியோடு அதே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தையல்காரம்மா எங்க சார்? நாலு நாளா ஆளையே காணோம். இன்னும் எட்டு நாள் பாக்கி. நடுவுல விட்டா பட்ட பாடெல்லாம் வீணாயிடும்."

கூட வந்தவரை வீட்டில் இறக்கிவிட்டு நேராக அவரிடம் போனேன். பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உயிரோட விளையாடறீங்களா? ஏன் பொய் சொன்னீங்க?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கடைசியா வந்த அன்னைக்குப் பாலத்துக்கிட்ட ஓட்டிக்கிட்டே தூங்கிட்டீங்க. வண்டி ஓரமாப் போச்சு. நான்தான் கத்தினேன்."

"கண்ணு கூசுச்சு."

"அப்பவும் இதையேதான் சொன்னீங்க. கட்டியில செத்தா என் தலையெழுத்து. உங்க கார்ல எதுக்குச் சாகணும்? உங்களுக்கும் வீட்ல ஆள் இருக்கு. நேர்ல சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் அப்படிச் சொன்னேன்."

சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"தூங்கிட்டேன்மா," என்றேன். "தினமும் என்னால முடியல."

அங்கிருந்தே சங்கச் செயலாளருக்குப் போன் போட்டு அதையே சொன்னேன். கத்தப் போகிறார் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளியே வைத்திருந்தேன்.

"அதுக்கென்ன, என் மச்சான் சும்மாதான் இருக்கான். நாளைக்கு அவன் வருவான். ஒருநாள் விட்டு ஒருநாள் நீங்க போங்க" என்றார். பேசி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் நிம்மதியாகச் சிரித்தேன். தையல்காரம்மா சிரிக்கவில்லை.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா," என்றார், "எனக்கு நாலு நாள் போயிருக்காதே அண்ணா."