அடக்கப் பாட்டுக்குத் தாளம்

திருவனந்தபுரத்தில் பியானோவில் ஜாஸ் வாசிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். ஆண்களில் உண்டா என்று கேட்டால், அதுவும் இல்லை. ரத்னாபாய்க்கு வாய் நீளம் என்று எங்கள் கிறிஸ்தவ சபையில் சொல்வார்கள். விரலும் நீளம்தான், அதை யாரும் சொல்வதில்லை.

சனிக்கிழமை மாலை ஓட்டலில் வாசிப்பேன். ஞாயிறு காலை சபையில் ஆர்கன் வாசிப்பேன். வீட்டில் வாசிக்க ஒன்றும் கிடையாது. ஓட்டல் முதலாளி சனிக்கிழமை தவிர வேறு நாளில் பியானோவைத் தொட விடமாட்டார். ஆகவே தினமும் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போகுமுன் சபை ஆர்கனைத் திறந்து பழகுவேன். அதன் சாவி என் கழுத்துச் சங்கிலியில் கிடக்கும். அது போனால் என் கையே போன மாதிரிதான்.

அந்த வருஷம், 1954-இல், நில்சன் என்று ஒரு சுவீடன்காரர் ரப்பர் ஆலையில் இயந்திரம் பொருத்த வந்திருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் முன்மேசையில் உட்கார்ந்து, கோழிக்கறியோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கேட்பார். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின மாலை பியானோ பக்கம் வந்தார். தன் நாட்டு மெட்டு ஏதாவது தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

டிரம் வாசிக்கும் ராஜமணி அண்ணன் போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். என் காதருகே குனிந்தார்.

"அவருக்க ஊரு எந்தத் திக்குன்னே நமக்குத் தெரியாது. பேசாம வாசிக்கிறதை வாசி பிள்ளே."

தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பாட்டுப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டினேன். அடக்க ஆராதனைக்கு நாங்கள் பாடுகிற பாட்டின் அடியில், பொடி எழுத்தில், 'சுவீடன் நாட்டுப்புற மெட்டு' என்று போட்டிருக்கும். யாரோ ஒரு மிஷனரி கொண்டுவந்து கொடுத்தது. எங்கள் சபையில் எந்தப் பாட்டும் நான்கு ஞாயிறுக்குள் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிடும். இதுவோ குழிமேட்டில் பாடுகிற பாட்டு. வண்டியே நின்றுவிட்ட வேகம்.

முதல் சரணத்தை அப்படியே வாசித்தேன். நில்சன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். இரண்டாம் சரணத்தில் என் இடதுகை ஜாஸ் தாளத்தில் நடக்க ஆரம்பித்தது. மெட்டில் ஒரு சுரத்தைக்கூட நான் மாற்றவில்லை. சுரம் வந்து விழும் இடத்தை மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளினேன். சபையார் மூச்சு வாங்கி மூக்கைச் சிந்துகிற இடைவெளிகளில் நாலு சுரம் என் சொந்தச் சரக்காகப் போட்டேன். ராஜமணி அண்ணனுக்கு அதற்கு மேல் கை நிற்கவில்லை. பிரஷ்ஷை எடுத்து டிரம் தோலில் தேய்த்தார். நில்சன் எழுந்து, வெட்கமில்லாமல், தனியாக ஆடினார். நல்ல வாசிப்பு அது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்தது.

பின்மேசையில் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது.

எங்கள் சபைச் செயலாளர் தாசையன் மாமா. மனைவி ராகேல் மாமி மூன்று மாதத்துக்கு முன்தான் இறந்தார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் ஓட்டலுக்கு வந்து கட்லெட் தின்றுவிட்டுப் போவார். அன்று அவர் வந்ததை நான் பார்க்கவில்லை.

"நிறுத்து பிள்ளே," என்றார். "எனக்க ராகேலைக் குழிக்கு எடுக்கும்போ நீதானே இதை வாசிச்சே? அதே கைதானா இது?"

"மாமா, நான்..."

"ஒண்ணும் சொல்லாண்டாம். நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் கமிட்டியில சாவியைக் கொண்டு தந்திரணும். கேட்டியா?"

போய்விட்டார். கட்லெட் பாதி அப்படியே கிடந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் வெட்கமாக இல்லை.

நில்சன் என்னவென்று கேட்டார். சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இது அவருடைய ஊர்ப்பக்கம் பிடில்காரர்கள் கல்யாணப் பெண்ணுக்கு முன்னால் வாசித்துக்கொண்டே சர்ச்சுக்கு நடக்கிற மெட்டாம். அவருடைய அம்மா இதைக் கேட்டுத்தான் தன் கல்யாணத்துக்குப் போனாராம்.

ராஜமணி அண்ணன் தலையில் கை வைத்தார். "கல்யாணப் பாட்டைப் பாடியா நாம இவ்வளவு பேரைப் புதைச்சோம்?"

மறுநாள் கமிட்டி அறைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். போதகர், தாசையன் மாமா, இன்னும் இரண்டு பேர். நில்சன் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

"வெள்ளைக்காரன் சொன்னா அது வேதமோ?" என்றார் ஒருவர்.

"அந்த மெட்டைக் கொண்டுவந்ததும் வெள்ளைக்காரன்தானே," என்றேன். போதகர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார்.

தாசையன் மாமா கையை மட்டும் நீட்டினார். வாயால் ஜெயித்தாலும் சாவி சாவிதான். சங்கிலியில் இருந்து கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். கழுத்து வெறுமையாகிவிட்டது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் எழுந்து நேராக ஆலயத்துக்குள் போனார். என்ன செய்யப் போகிறாரோ என்று நாங்கள் பின்னாலேயே போனோம். ஆர்கனை அவரே திறந்தார். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

"வாசி."

"எப்படி மாமா?"

"நேத்து வாசிச்ச மாதிரி." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க கல்யாணத்துக்குப் பேண்டு கிடையாது பிள்ளே. ராகேலுக்க அப்பன் செத்து ஒரு மாசம் திகையல்ல. சத்தம் காட்டாம மின்னுத் தாலி கெட்டிக் கூட்டிட்டு வந்தேன். ஒரு பாட்டுகூட இல்லாம வந்தேன்னு சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டினா." ஆர்கன் மூடியைத் தடவினார். "கல்யாணப் பாட்டு அவளுக்கு அடக்கத்தில கிடைச்சிருக்கு. நாமதான் தெரியாம இழுத்துப் பாடியிருக்கோம்."

நான் உட்கார்ந்தேன். மிதி ஆர்கனில் ஜாஸ் வாசிப்பது லேசு இல்லை. காற்று போதாது, காலை ஓட ஓட மிதிக்க வேண்டும். மிதித்தேன். இரண்டாம் சரணத்தில் தாசையன் மாமா ஆர்கன் மூடியில் விரலால் தட்ட ஆரம்பித்தார். கண்ணீர் தாடையில் இறங்கியது, துடைக்கவில்லை. ஆனால் தட்டு முழுக்கத் தப்பு, என் கை தடுமாறியது.

"மாமா, தாளம் தப்பு," என்றேன். "ஒண்ணாம் அடியில இல்ல. ரெண்டுலயும் நாலுலயும் தட்டணும்."

அவர் அழுதுகொண்டே திருத்திக்கொண்டார்.