கூர்முனை

அண்ணன் செத்த வாரமே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் அம்மாவும் அண்ணியும் அழுது ஓய்ந்திருந்தார்கள். இவளுக்குக் கண் கலங்கக்கூட இல்லை. “கல்நெஞ்சக்காரி” என்று சித்தி காதுபடவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். இவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை சூரியகாந்தி விதையை வெட்டுவது. இதற்கொரு சம்பளமா என்று கேட்பீர்கள். அந்த இடத்தின் பிழைப்பே அதில்தான் இருந்தது. விதைக்குள் ஒரு மரபணு, ஒலிக் அமிலத்தைச் சும்மா விடாமல் லினோலிக் அமிலமாக மாற்றிக்கொண்டே இருக்கும். அது முடங்கிப்போனால் எண்ணெய் சீக்கிரம் காறல் வாடை அடிக்காது. மரபணுவைக் குலைக்கும் மருந்தில் விதையை ஊறவைத்து வளர்த்த செடிகளில் ஒரேயொரு விதையிலாவது அது முடங்கியிருக்காதா என்று மூன்று வருடமாகத் தேடல். இந்தப் பருவத்தோடு கடையைக் கட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு வேறு.

உரித்த பருப்பின் அகன்ற முனையைச் சீவி அரைத்து, கருவியில் கொடுத்து அமிலங்களைப் பார்க்கவேண்டும். கரு இருப்பது கூர்முனையில். அதை ஈரத்தாளில் முளைக்க வைக்கவேண்டும். தூக்கத்தில்கூட அவளுக்கு இது மாறாது.

அன்று மாலை கருவியின் திரையைப் பார்த்த தலைமை ஆய்வாளர் மேசையைத் தட்டினார்.

“கெடச்சிருச்சு! ஒலிக்கைப் பாருங்க, எங்கயோ நிக்குது! அந்தத் தட்டை எடும்மா!”

அவள் ஈரத்தாளைப் பிரித்தாள். தட்டு முழுக்க அகன்ற முனைகள், வரிசை பிசகாமல்.

அந்த மனிதருக்குக் கூடத்தில் வைத்திருந்த பெயர் எண்ணெய்ச்சட்டி. ஒரு கண்ணாடிக்குழாய் உடைந்தாலே பொரிந்து தள்ளிவிடுவார்.

“மாத்தி வெச்சுட்டேன் சார். முளைக்கிற பாதியை அரைச்சுட்டேன்.”

“இதே செடியோட மத்த விதை?”

“எல்லாம் பாத்தாச்சு. வேற எதுலயும் இல்ல.”

அவர் முகம் சிவந்தது. அவள் காத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், ஆசையாகவே காத்திருந்தாள். ஒரு வாரமாக எல்லோரும் அவளிடம் மெத்தென்று பேசினார்கள், தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தார்கள். யாராவது ஒருவர் பழையபடி அவளைக் கிழிகிழியென்று கிழித்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்போல் இருந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“திட்டுங்க சார்.”

“போம்மா, வீட்டுக்குப் போ. அம்மா தேடுவாங்கல்ல.”

மூன்று வருட உழைப்பை அரைத்துக் கொட்டியவளிடம், இந்த மனிதர், இந்தக் குரலில்.

அண்ணன் செத்துப்போய்விட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.