கான்டெஸாவின் கூரைத்துணி

பென்னலூரில் நெடுஞ்சாலையை ஒட்டி மோகன் நடத்திய குஷன் கடைக்கு அந்தப் பழைய கான்டெஸா கார் வந்தபோது, உள்பக்கக் கூரைத்துணி கிழிந்து சீட்டின் தலைமாடு வரை தொங்கியது. கதவுகளின் உள்பக்கத்து டோர் பேடுகள் ஈரத்தில் ஊதியிருந்தன. டேஷ்போர்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பழைய கார் ஊர்வலத்துக்கு வண்டி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் சொந்தக்காரர்.

கடையில் இரண்டு பெண்கள். சசிரேகா, மோகனின் தம்பி சுபாஷின் மனைவி. முத்துச்செல்வி, தெற்கே வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து இங்கே வந்தவள். டேஷ்போர்டு வெடிப்புகளை அடைத்துத் தேய்த்து, எங்கே வெடித்திருந்தது என்று சசிரேகாவுக்கே தெரியாதபடி செய்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் கூரைத்துணி மட்டும் பாக்கி. கூரையிலும் துணியிலும் சொல்யூஷன் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி ஒட்ட வேண்டும். லாரிகள் போகப் போகத் தூசி வந்து பசையில் படிந்தது. மோகன் காரின் கதவுகளைச் சாத்தி எல்லாக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னான்.

உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த முத்துச்செல்வி இரண்டு தடவை இறங்கி வந்தாள்.

"தல கிறுகிறுன்னு வருதுண்ணே. கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வாரேன்."

"பாதில வுட்டா துணி சுருங்கிடும். முடிச்சிட்டு எவ்ளோ நேரம் வேணா உக்காரு," என்றான் மோகன்.

மெஷினில் டோர் பேடு தைத்துக்கொண்டிருந்த சசிரேகா நிமிர்ந்தாள். "மாமா, ஒரு கதவையாச்சும் தொறந்து வெக்கலாமே?"

"தூசி ஒட்டிகிச்சுனா நீ பதில் சொல்றியா?"

அவள் மறுபடி மெஷினை மிதித்தாள்.

நூல் தீர்ந்து மெஷின் நின்றபோதுதான், காருக்குள் சத்தமே இல்லை என்பது உறைத்தது. கதவைத் திறந்தாள். சொல்யூஷன் நெடி முகத்தில் அறைந்தது. முத்துச்செல்வி பின்சீட்டில் மல்லாந்து கிடந்தாள். ஒட்டாத துணி சரிந்து அவள் முகத்தை மூடியிருந்தது.

லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் நாடி பார்த்த டாக்டர், உயிர் இல்லை என்றார்.

மோகன் சசிரேகாவைத் தனியே கூப்பிட்டான். "வலிப்பு வந்துச்சுன்னு சொல்லிடலாம். ரெண்டு பொண்ண வெச்சிகினு கீறேன். உன்ன கையெடுத்துக் கும்புடறேன்."

சொல்லிவிட்டு அழுதான், அது பொய்யழுகை இல்லை.

மறுநாள் காலை முத்துச்செல்வியின் அண்ணன் இசக்கிபாண்டி வந்தான். வள்ளியூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தான். பிணவறை வாசலில் சசிரேகாவைப் பார்த்துக் கேட்டான்: "வலிப்புங்காவ. எங்க பாப்பாக்கு அப்படி ஒண்ணும் கெடையாதேக்கா. நீங்க கூடதான இருந்திய?"

"கூடதான் இருந்தேன்," என்றாள். "கதவெல்லாம் சாத்தி வெச்சிருந்தோம். தல சுத்துதுன்னு ரெண்டு வாட்டி சொல்லிச்சு. நாங்க வெளிய வுடல."

அவன் அடிப்பான் என்று நினைத்தாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அதையே அவள் போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். மோகனைக் கூட்டிப்போனார்கள். "எங்க அண்ணன உள்ள தள்ளிட்டு இந்த வூட்ல எப்படி சோறு துன்னுவ?" என்றான் சுபாஷ். அன்று சாயங்காலமே அவள் வல்லக்கோட்டையில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனாள்.

ஏழு மாதமாகியும் சுபாஷ் கூப்பிடவில்லை. இசக்கிபாண்டி எப்போதாவது போன் செய்கிறான். கேஸ் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்பான், தெரிந்ததைச் சொல்வாள். பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. ஆனாலும் கொஞ்ச நேரம் யாரும் போனை வைப்பதில்லை.