இரவல் மோட்டார்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சர், வானம் கறுத்தாலே காரை வீட்டுக்குத் திருப்பிவிடுவார். வைப்பர் மோட்டார் கருகி மாதக்கணக்காகிறது. அந்த மாடலைத் தயாரிப்பதை நிறுத்தியும் பல வருஷமாகிவிட்டது. கடைகளில் காரின் பெயரைச் சொன்னதுமே சிரித்தார்கள். வேறொரு காரின் மோட்டாரை வாங்கிப் பொருத்திப் பார்த்தார். அது பாதிக் கண்ணாடி வரை போய், கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

"அந்தத் தகர டப்பாவைத் தலைமுழுகித் தொலையேன்" என்றார் வீட்டுக்காரர்.

"பக்கத்து சீட்ல எனக்குன்னு தனியா பிரேக் வச்சிருக்கே, அது உங்க கண்ணுக்குத் தெரியலையா? அது இல்லாட்டி நான் என்னைக்கோ சுவத்துல போட்டோவாத் தொங்கியிருப்பேன்."

நம்பிக்கை கொடுத்தவர் மெக்கானிக் ஒருவர்தான். எப்போது போனாலும் ஒரே பாட்டு: "கொஞ்சம் பொறுங்க டீச்சர். இதே மாடல் ஒரு பெரியவர்கிட்ட இழுத்துக்கிட்டுக் கிடக்கு. இன்னைக்கோ நாளைக்கோ எடைக்குப் போட்டுடுவார். மோட்டார் உங்களுக்குத்தான்."

பொறுத்துப் பொறுத்து டீச்சருக்குப் பொறுமையும் தேய்ந்துவிட்டது.

ஒரு நாள் காலை, புதிதாகச் சேர்ந்த மாணவி ஒரு சந்துக்குள் கிளட்சை வெடுக்கென்று விட்டாள். வண்டி குலுங்கி அணைந்தது. திட்டுவதற்குத் திறந்த வாயை டீச்சர் மூடவில்லை. எதிர்வீட்டு வாசலில், இலைச் சருகு மூடிக் கிடந்தது அதே மாடல் கார்.

இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். வெளியே வந்தவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவர் டீச்சரைப் பார்க்கவில்லை. பசித்தவன் அடுப்பைப் பார்ப்பதுபோல் பின்னால் நின்ற காரைத்தான் பார்த்தார்.

"இந்த வண்டி இன்னும் ஓடுதா?" குரலில் அப்படியொரு ஏமாற்றம்.

"ஏன், ஓடக் கூடாதா?"

"இல்லம்மா, ஒரு டீச்சரோட வண்டி இப்பவோ அப்பவோன்னு இருக்காம். அது படுத்ததும், ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டாரைக் கழட்டி எனக்குத் தர்றதா மெக்கானிக் சொல்லியிருக்கான்."

டீச்சருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "அப்ப அந்தப் பெரியவர் நீங்கதானா? நீங்க எடைக்குப் போடுவீங்கன்னு சொல்லி என்னை இத்தனை நாளா இழுத்தடிக்கிறான்."

இருவரும் அந்த மெக்கானிக்கை மனதாரத் திட்டித் தீர்த்தார்கள். பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். டாக்டர் காரில் வைப்பர் ஜோராக ஓடும். வண்டிதான் ஸ்டார்ட் ஆகாது. தள்ளினால் கிளம்பிவிடும். தள்ளத்தான் ஆளில்லை; அவர் மனைவிக்கு முட்டி வலி.

"வைப்பர் மோட்டாரையும் குடுத்துட்டா என் வண்டி நிஜமாவே பொணமாயிடும்மா."

"இரவலாத்தான் கேக்கிறேன் டாக்டர். உங்களுக்கு செல்ஃப் கிடைக்கிறவரைக்கும் தள்ளிவிட ஆள் நான் கூட்டிட்டு வர்றேன். தள்ளி ஸ்டார்ட் பண்றதும் ஒரு பாடந்தான்."

காருக்குள் இருந்த மாணவி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இனி அந்த மெக்கானிக் மூஞ்சியில் முழிப்பதில்லை என்றுதான் இருவரும் முடிவு செய்தார்கள். ஆனால் அந்த மாடலைத் தொடத் துணிந்தவர் ஊரில் வேறு யாருமில்லை. மறுநாளே அவர் பட்டறையில் போய் நின்றார்கள். அவர் கொஞ்சமும் கூசவில்லை. டாக்டர் வண்டியின் வைப்பர் மோட்டாரைக் கழற்றி டீச்சர் வண்டியில் மாட்டிவிட்டு, கையைத் துடைத்தபடி, "நான் அப்பவே சொன்னேன்ல, கிடைக்கும்னு" என்றார். டீச்சர் வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டார்.

முதல் மழையில் வைப்பர் சரக் சரக்கென்று வீசியது. டீச்சருக்குக் கண்ணே நிறைந்தது. மழை விட்டுச் சற்று நேரத்தில் போன் அடித்தது. எடுத்தால் டாக்டர்.

"டீச்சர், மார்க்கெட் சிக்னல்ல நின்னுட்டேன். பின்னால ஒரே ஹாரன்."

"எங்கேயும் இஞ்சினை அணைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"நான் அணைக்கலம்மா, அதுவா அணைஞ்சிடுச்சு. வண்டியில எத்தனை பேர் இருக்கீங்க?"

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு மாணவியின் பக்கம் திரும்பினார். "இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பாத்து, நிதானமா வண்டியைத் திருப்பும்மா. செருப்பை நல்லா மாட்டிக்க."