நாத்தனாரின் முட்டி

போஸ்ட்வுமன் வேலையில் முப்பது வருஷம் படியேறி இறங்கிய நாத்தனாருக்கு, ஒருவழியாக வலது முட்டியை மாற்றினார்கள். வெட்டியெடுத்த குருத்தெலும்பை ஆராய்ச்சிக்குத் தரலாம் என்று அவளே கையெழுத்துப் போட்டாள். அது போய்ச் சேர்ந்ததோ, அவள் தம்பி மனைவி வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு. டப்பாவில் வெறும் நம்பர்தான் ஒட்டியிருந்தது. ஆனால் அன்றைக்கு நடந்ததே ஒரே ஒரு ஆபரேஷன். யாருடையது என்று தெரிய ஜோசியமா பார்க்க வேண்டும்?

அன்றிலிருந்து நாத்தனார் தினமும் போன் செய்வாள். "டாக்டரம்மா, என் முட்டி சாப்பிட்டுச்சா?"

"நான் டாக்டர் இல்ல அண்ணி. சாப்பிட்டுச்சு. காலையிலதான் ஊட்டநீர் மாத்தினேன்."

சாப்பிட்டது உண்மைதான். வேலைதான் செய்யவில்லை. குருத்தெலும்பிலிருந்து பிரித்துத் தட்டில் பரப்பி வைத்த செல்கள் ஒன்று பத்தாகப் பெருகின. ஆனால் உருண்டை வடிவம் போய்த் தட்டையாக நீண்டன. உடம்புக்குள் இருந்தபோது தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்த நாரையும் பசையையும் அடியோடு மறந்துவிட்டன. அந்தப் பசைதான் நீரைப் பிடித்துவைத்து முட்டிக்கு மெத்தை போடுவது. பாத்திரம் தட்டையாக இருந்தால் செல்லுக்குத் தான் யாரென்றே மறந்துபோகும் என்பது தம்பி மனைவிக்குத் தெரியும். அதனால் செல்களை ஜெல்லி போன்ற கூழில் கலந்து, சட்டைப் பொத்தான் அளவு வில்லைகளாக உறையவைத்தாள். நாலே நாளில் செல்கள் மறுபடி உருண்டையாயின.

அடுத்த வேலை அழுத்துவது. நடக்கும்போது முட்டி அமுங்கி விடுபடுவதுபோல, வில்லைகளைத் தினம் ஒரு மணி நேரம் அழுத்தி விடுகிற சின்ன இயந்திரம் ஒன்றை ஆய்வகத்திலேயே செய்திருந்தார்கள். பாதி வில்லைகள் அதற்குள். மீதி, ஒப்பிட்டுப் பார்க்க, சும்மா ஓய்வில்.

பத்து நாள் ஒழுங்காக ஓடியது. திங்கட்கிழமை காலை வந்ததும் இயந்திரத்தைப் பார்த்தாள். வில்லைகளை அழுத்தும் தண்டுகளில் ஆறு கீழே இறங்கியபடியே சிக்கி நின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அந்த ஆறு வில்லைகளும் மூச்சுவிடாமல் நசுங்கிக் கிடந்திருக்கின்றன.

புருஷனுக்குப் போன் போட்டாள். தையல் மெஷின் மெக்கானிக்கான அவன், பாதி வேலையைப் போட்டுவிட்டுப் பையோடு வந்து சேர்ந்தான். குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தான்.

"ஸ்பிரிங் செத்துப்போச்சு. இதுக்குப் போயா முகத்தை இப்படி வச்சிருக்க?"

"செல்லும் செத்திருந்தா என்ன பண்றது?"

"அதை நீதான் பார்க்கணும். எனக்கு ஸ்பிரிங்தான் தெரியும்."

தையல் மெஷினில் துணியை அமுக்கிப் பிடிக்கும் கட்டையின் ஸ்பிரிங்குகளைப் பையிலிருந்து எடுத்து, அளவு பார்த்து மாட்டினான். தண்டுகள் சொன்ன பேச்சைக் கேட்டன. அவள் நசுங்கிய வில்லைகளைக் கையில் எடுத்துக்கொண்டு குப்பைத் தொட்டிக்கும் மேசைக்கும் நடுவில் நின்றாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

விஷயத்தைக் கேட்டதும் நாத்தனாருக்குக் கோபமே வந்துவிட்டது. "தூக்கிப் போடறியா? மூணு நாளு எவனாவது என் மேல உட்கார்ந்திருந்தா நானும்தான் வேலை செய்யமாட்டேன். எழுந்திரிக்க நேரம் குடு அதுக்கு."

அதில் நியாயம் இருந்தது. ஒரு வில்லையை மட்டும் வெட்டிச் சாயம் போட்டுப் பார்த்தாள். செல்கள் உயிரோடு இருந்தன. ஆனால் கட்டியிருந்த பசையையும் கரைத்துவிட்டிருந்தன. மீதி ஐந்தையும் தனி வரிசையில் வைத்து, தினம் ஒரு மணி நேரம் அழுத்தி விட்டாள். நோட்டில் இயந்திரம் சிக்கிய கதையை ஒளிக்காமல் எழுதினாள். தலைமை விஞ்ஞானி படித்துவிட்டு, "திட்டம் போட்டிருந்தாக்கூட இப்படி ஒரு சோதனையை நாம செஞ்சிருக்க மாட்டோம்" என்று மட்டும் சொன்னார்.

இயந்திரம் சரியான ஐந்தாவது வாரம், நாத்தனார் கைத்தடியோடு வந்தாள். லிஃப்ட் இருந்தும், பழக்க தோஷம், மூன்று மாடியும் படியில். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாளாம். தம்பி பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தான்.

தம்பி மனைவி, ஒழுங்காக அமுங்கிய வில்லை ஒன்றின் சீவலை வைத்துக் கொடுக்க, நாத்தனார் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். சிவப்புச் சாயத்தில், ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் தடித்த வளையம்.

"ஆளாளுக்கு ஸ்வெட்டர் பின்னிப் போட்டிருக்குங்களே!" என்றாள். அப்புறம் தலையைத் தூக்காமலே, "என்கிட்ட இருந்தப்போ ஏன்டி இதுங்க இப்படிச் செய்யல?"

இளையவள் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கட்டுறதும் இந்தச் செல்லுதான், இடிக்கிறதும் இதேதான் அண்ணி. அமுங்கி அமுங்கி விடுபட்டா கட்டும். உங்க முட்டி வீங்கிப்போய், வீக்கம் இடி இடின்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அது கேட்டுக்கிச்சு."

"பாவம். அதுவும்தான் என்ன பண்ணும்" என்றாள் நாத்தனார். இத்தனை வருஷம் அந்த முட்டியைத் திட்டாத நாளில்லை. "நசுங்கினதுங்க எங்கே?"

இளையவள் கண்ணாடித் தகட்டை மாற்றி வைத்தாள். அங்கே வளையம் மெல்லிசாக, வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தது. மற்றவற்றில் பாதிகூட இல்லை. ஆனால் இருந்தது.

நாத்தனார் அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். தம்பி பொறுமையிழந்து, "கிளம்பலாமாக்கா?" என்றான்.

"நீ கீழ போ. நான் இவளோட லிஃப்ட்ல வரேன்" என்றவள், ஒரு கையால் இளையவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறுபடி கண்ணைக் குழாயில் வைத்தாள்.