கவிழ்த்து வைத்த போன்

பத்தாம் வகுப்புக்குக் குறியீட்டை விளக்க டீச்சரிடம் ஒரு சுலபமான வழி இருந்தது. கதையில் ஒரு பொருள் திரும்பத் திரும்ப வந்தால், அதை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கதை ஆட்டம் கண்டால் அது குறியீடு. இல்லாவிட்டால் வெறும் சாமான்.

அன்று அவளுக்கே இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் தங்கைக்கு ஆபரேஷன். "நீ இங்க உக்காந்து என்னைப் பயமுறுத்தாதக்கா, போய்ப் பாடம் நடத்து" என்று தங்கை விரட்டியதும், அதையே சாக்காக வைத்து ஓடி வந்துவிட்டாள். அன்றைய பாடக் கதையில் வரும் குடையைப் பற்றிப் பேசிக்கொண்டே, மேஜைமேல் கவிழ்த்திருந்த போனைப் புரட்டிப் பார்ப்பதும் மறுபடி கவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"குடை குறியீடு இல்ல டீச்சர்," என்றாள் முன்வரிசைப் பெண். "அதை எடுத்தாலும் கதை நிக்குது. உங்க போனை எடுத்தாத்தான் இந்த கிளாஸ் நிக்காது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சரி, அப்போ மையக்கருத்து என்ன?"

"பயம்," என்றான் வாயாடி என்று பேரெடுத்தவன்.

"அது ஒத்தை வார்த்தைடா. பயத்தைப் பத்தி என்ன சொல்லுதுன்னு முழு வாக்கியமா சொல்லு."

அவன் அவள் முகத்தைப் பார்த்து யோசித்தான். "பயந்தவங்க உடம்பு ஒரு எடத்துல இருக்கும், மனசு வேற எடத்துல இருக்கும் டீச்சர். ரெண்டும் ஒண்ணு சேர்ற வரைக்கும் எந்த வேலையும் ஓடாது."

"முழு மார்க்," என்றாள் டீச்சர். பக்கத்து வகுப்பு சாரிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தங்கை திட்டினால் திட்டட்டும் என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.